ஜென்டல் இல்லாத தனலெட்சுமி

கோலாலம்பூர் தாண்டி, கிள்ளான் பக்கத்து மேருவில் போய் தனலெட்சுமி வீடு எது என்று கேட்டால் ஆள் முழிப்பான். சத்தம் போடுகிற அம்மா வீடு என்று கேட்டால் சாலை முனையிலேயே கை காட்டிவிடுவான். வயது ஐம்பத்தைந்து. உடம்பு ஒரு பிடி, குரல் ஒன்பது பிடி. காலையில் அவள் புருஷனை எழுப்பினால் அந்தத் தாமான் குடியிருப்பில் நான்கு வீட்டுப் புருஷன்மார் சேர்ந்து எழுந்து வேலைக்குப் போவார்கள். அந்த நான்கு வீட்டுப் பெண்களுக்கும் கடிகாரம் வாங்குகிற செலவு மிச்சம். ஆனாலும் அவளை வாயாடி என்றுதான் சொல்வார்கள்.

அவளுக்கு இங்கிலீஷில் தெரிந்த வார்த்தை இருபது தேறாது. அதில் முதலில் வந்து சேர்ந்தது ஜென்டல். பதினெட்டு வயதில் அங்கேயே ஒரு பல்பு தொழிற்சாலையில் பெட்டி அடுக்குகிற வேலைக்குச் சேர்ந்தாள். மேற்பார்வைக்கு இருந்த சீனப் பெண்மணி பின்னாலேயே நடந்துகொண்டு, "ஜென்டல் லா, ஜென்டல்" என்று நாள் முழுவதும் சொல்லிக்கொண்டிருப்பாள். இருபத்திரண்டு வருஷம் அதைக் கேட்டவளுக்கு அர்த்தம் சொல்லித்தர வாத்தியார் வேண்டியதில்லை. தொட்டால் உடைகிற சாமான் என்றால் ஜென்டல். இரும்பு ஆணியை ஜென்டலாக எடு என்று எவளும் சொன்னதில்லை.

கல்யாணம் பேசியபோது காப்பாரிலிருந்து வந்த அத்தை, "மாப்பிள்ளை லோரி ஓட்டுறாரு, ஆனா ரொம்ப ஜென்டல்" என்றாள். ஓகோ, உடையக்கூடிய ஆள் போலிருக்கிறது என்று தனலெட்சுமி நினைத்துக்கொண்டாள். நினைத்தது தப்பவில்லை.

வேலாயுதம் நல்ல மனுஷன். குடி கிடையாது, சூது கிடையாது, வாயும் கிடையாது. கிள்ளான் பக்கத்தில் குழாய்த் தண்ணீர் நின்றுபோவது ஒன்றும் புதுசில்லை. ஒருமுறை ஐந்து நாள் நின்றது. தண்ணி லோரி வந்தது. வேலாயுதம் நான்கு வாளியை எடுத்துக்கொண்டு முதல் ஆளாகப் போனார். பின்னால் வந்த கிழவியைப் பார்த்து "நீங்க பிடிங்க" என்றார். கிழவிக்குப் பின்னால் நின்றவன் கிழவிக்குச் சொந்தம் என்றான், அவனுக்கும் வழி விட்டார். அப்படியே அந்த வரிசை முழுவதும் ஒருவருக்கொருவர் சொந்தமாகிவிட்டது. லோரி காலியானது. நான்கு வாளியையும் ஒன்றுக்குள் ஒன்று போட்டுச் சிரித்த முகத்தோடு வீட்டுக்கு வந்தார்.

"எங்க தண்ணி?"

"பாவம் லா, எல்லாருக்கும் வேணுமில்ல."

"எல்லாருக்குள்ள நாம வரமாட்டோமா?"

மறுநாள் அவள் போனாள். லோரியின் படியில் ஏறி நின்றுகொண்டாள். ஒரு வீட்டுக்கு நாலு வாளி, வயசானவங்க முன்னால, பீப்பாய் மாதிரித் தோம்பு கொண்டு வந்தவன் வீட்டுக்குப் போயிட்டு வாளியோட வா என்று போட்ட சத்தத்தில் லோரிக்காரனே அவள் சொன்னபடி குழாயைத் திறந்து மூடினான். அன்றைக்குத்தான் கடைசி வீடு வரைக்கும் தண்ணீர் போனது. அன்றைக்குத்தான் ஊரும் பேசியது. "பாவம் வேலாயுதம், அந்தத் தங்கமான மனுஷனுக்கு இப்படி ஒரு பொண்டாட்டி." பேசியவர்கள் எல்லாரும் அவள் பிடித்துக்கொடுத்த தண்ணீரில்தான் அன்று குளித்திருந்தார்கள்.

முப்பது வருஷமாக இப்படித்தான். வாசலை அடைத்து வேன் நிறுத்துகிறவனிடம் கத்துவது அவள், அவன் வேனை எடுத்தபிறகு அவனுக்கு வணக்கம் வைப்பது அவர். பள்ளிக்கூடத்தில் சண்டை போட்டுப் பிள்ளைக்கு இடம் வாங்குவது அவள், அங்கே போய் நன்றி சொல்லிப் பெயர் வாங்குவது அவர். வீட்டில் வேலையைப் பிரித்துக்கொள்வது என்றால் இது.

ஒரே மகள் மாதவி, இருபத்தெட்டு வயது. கோலாலம்பூரில் இன்சூரன்ஸ் கம்பெனியில் வேலை. அங்கேயே வேலை பார்க்கிற கிரிதரனோடு மூன்று வருஷப் பழக்கம். பையன் வீடு அங்கேயே பிரிக்ஃபீல்ட்ஸில், யாழ்ப்பாணத்துக் குடும்பம். அப்பா சிவசம்பு அரசாங்க ஆபீசில் பெரிய கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர், எழுபத்து நான்கு வயது. அவருடைய அப்பா ரயில்வேயில் கிளார்க். அவருடைய தாத்தாவும் ஏதோ ஒரு கிளார்க்காகத்தான் இருந்திருக்க வேண்டும். மகன் காதலிக்கிறேன் என்று சொன்னதற்கு அவர் கோபப்படவில்லை. கோபப்படுவது அவர்கள் வீட்டில் வழக்கமில்லையாம். "முறைப்படி பயோடேட்டா வரட்டும். பிறகு பாப்பம்" என்று மட்டும் சொன்னார். மூன்று வருஷமாக மகனோடு சுற்றுகிற பெண்ணுக்கு பயோடேட்டா.

கிள்ளானில் நுஃமானுடைய பிரிண்டிங் கடைக்குத் தாயும் மகளும் போனார்கள். நுஃமான் பெயரையும் நட்சத்திரத்தையும் மட்டும் கேட்டான். மீதி எல்லாம் அவன் கம்ப்யூட்டரில் ஏற்கெனவே இருந்தது.

"என்ன தம்பி அது, நாங்க சொல்லாமலே எழுதுற?"

"எல்லாத்துக்கும் ஒண்ணுதான் ஆன்டி. ஹோம்லி, காட் ஃபியரிங், ஃப்ரம் எ ஜென்டல் ஃபேமிலி."

"எங்க குடும்பமா ஜென்டல்? என் குரல் கேட்டிருக்கியா நீ?"

"இப்பவே கேக்குது ஆன்டி. ஆனா ஜென்டல் போடாம இந்தக் கடையிலிருந்து ஒரு பொண்ணு கரை ஏறினதில்ல லா. ஒரு ஆன்டி வேணாம்னு எடுக்கச் சொன்னாங்க, மூணு வருஷமா திரும்பத் திரும்ப வந்து காப்பி எடுக்குறாங்க."

ஜென்டல் இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

ஒரு மாதம் கழித்து, ஞாயிற்றுக்கிழமை பதினொன்றரைக்குப் பெண் பார்க்க வருவதாகச் செய்தி வந்தது. சனிக்கிழமை இரவே மாதவி அம்மாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"ம்மா, நாளைக்கு ஒரு நாள் மட்டும் நீ வாயத் திறக்காத. அவங்க அப்பா சத்தமா பேசுறவங்களப் பாத்தா எழுந்து போயிருவாரு. கிரியோட அக்காவுக்கு வந்த ஒரு சம்பந்தத்த, மாப்பிள்ளையோட மாமா தும்மின சத்தத்துக்கே வேணாம்னுட்டாராம்."

"வேற பையனே உனக்குக் கிடைக்கலயா?"

"மூணு வருஷம்மா. இது போச்சுன்னா நான் வேற கல்யாணம் பண்ணிக்க மாட்டேன்."

மகள் முகத்தைப் பார்த்தாள் தனலெட்சுமி. விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று தெரிந்தது. "சரி. நாளைக்கு நான் ஊமை" என்றாள்.

பதினொன்றரைக்கு வரவேண்டியவர்கள் ஃபெடரல் ஹைவே நெரிசலில் மாட்டிக்கொண்டு ஒன்றரைக்கு வந்தார்கள். சிவசம்பு, அவர் சம்சாரம் வசுந்தரா, கிரிதரன், மூன்றே பேர். சிவசம்பு வெள்ளைச் சட்டை, மடிப்புக் கலையாத கால்சட்டை. செருப்பைக் கழற்றி ஜோடியாக, ஜோடி கோணாமல், சுவரோடு ஒட்டி வைத்தார். தனலெட்சுமி விடியற்காலையிலிருந்து சமைத்து வைத்திருந்தாள். சாம்பார், ரசம், வாழைக்காய் வறுவல், வடை, கேசரி, பாயசம். தட்டில் வடையும் டம்ளரில் ரோஸ் சிரப்பும் கொண்டுவந்து வைத்தாள்.

சிவசம்பு கையை மார்பளவு தூக்கினார். "மன்னிக்கவேணும். சம்பந்தம் முடிவாகாமல் நாங்கள் கை நனைக்கிறதில்லை."

அந்த வழக்கம் அவளுக்கும் தெரியும். பெண் வீட்டில் ஒரு வாய் சாப்பிட்டால் சம்மதம் என்று அர்த்தம், பேச்சு முடியுமுன் சாப்பிட்டுவிட்டுப் பிறகு மாட்டேன் என்றால் அது அசிங்கம். ஆனால் அவள் சனங்களிடம் அது சாப்பாட்டுக்குத்தான். இவர் பச்சைத் தண்ணீரைக்கூடத் தொடவில்லை. வசுந்தரா வடையைப் பார்த்தாள், பிறகு புருஷனைப் பார்த்தாள், பிறகு சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தாள். கிரிதரன் தலையைக் குனிந்துகொண்டான்.

சிவசம்பு பையிலிருந்து பயோடேட்டாவை எடுத்தார். ஒரு வார்த்தையின் கீழே சிவப்பு மையில் கோடு போட்டிருந்தது.

"இதில ஜென்டல் ஃபேமிலி எண்டு போட்டிருக்கிறியள். அதின்ர அர்த்தம் தெரிஞ்சுதான் போட்டதோ?"

வேலாயுதம் சிரித்தார். தெரியும் என்றும் வைத்துக்கொள்ளலாம், தெரியாது என்றும் வைத்துக்கொள்ளலாம்.

"எல்லாரும் ஜென்டல் எண்டால் மெதுவான ஆள் எண்டு நினைக்கினம். அது பிறகு வந்த அர்த்தம். இந்தச் சொல் லத்தீன்ல இருந்து வருது. அங்க ஒரே குலத்தைச் சேர்ந்தவன் எண்டு அர்த்தம். பிரெஞ்சுக்காரர் எடுத்து நல்ல குடியில பிறந்தவன் எண்டு வைச்சினம். இங்கிலீஷ்காரர் அதை அப்பிடியே வாங்கினவை. ஜென்டில்மேன் எண்டால் ஆர்? குடும்பம் உள்ளவன். நல்ல குடும்பத்தில பிறந்தவன் இப்பிடித்தான் நடப்பான், பணிவா, மெதுவா நடப்பான் எண்டு சொல்லிச் சொல்லித்தான் கடைசியில மெதுவு எண்ட அர்த்தம் வந்து சேர்ந்தது. ஆகவே முதல்ல பிறப்பு. பிறகு நடத்தை. மென்மை கடைசி. அதனாலதான் கேக்கிறன், உங்கட குடும்பத்தின்ர மூலம் என்ன?"

இவ்வளவையும் குரலை ஒரு இம்மிகூட உயர்த்தாமல் சொன்னார். திட்டினால்கூடத் திருப்பித் திட்டலாம். இது பஞ்சில் சுற்றிய கல்.

வேலாயுதம், "எங்கப்பா காப்பார் பக்கம் தோட்டத்துல ரப்பர் பாலுக்கு மரம் வெட்டுனாரு" என்றார், ஏதோ பெரிய உத்தியோகத்தைச் சொல்கிற மாதிரி மகிழ்ச்சியாக.

"அதுக்கு முந்தி?"

"அதுக்கு முந்தி அவங்கப்பா வெட்டுனாரு."

மாதவி எழுந்து அடுப்படிக்குள் போய்விட்டாள். தனலெட்சுமி ஊமையாக உட்கார்ந்திருந்தாள். உதட்டைக் கடித்ததில் ரத்தம் வந்திருக்கும். சிவசம்பு விடவில்லை. ஜென்டல் போய் ஜென்டீல் வந்தது, அது ஒரே வேரில் வந்த தங்கச்சி மாதிரியாம். அது போய்ப் பிரபுக்கள் வந்தார்கள், அவர்களுடைய குதிரைகள் வந்தன. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடியது. மணி மூன்றைத் தொட்டது.

அந்த மூன்று மணிக்குத்தான் அவள் கவனித்தாள். சிவசம்புவின் நெற்றியில் முத்து முத்தாக வியர்வை. மேலே ஃபேன் முழு வேகத்தில் ஓடுகிறது. பயோடேட்டா பிடித்த கை ஆடுகிறது. சொன்னதையே திரும்பச் சொல்கிறார், அதிலும் நாக்கு குழறுகிறது. "பிரபு... குதிரை... குதிரை எண்டால் ஆர்..."

மற்றவர்களும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். வசுந்தரா ஊசி விழுகிற சத்தத்தில் புருஷனை "இஞ்சருங்கோ" என்று கூப்பிட்டாள். கிரிதரன் "அப்பா?" என்றான், சபையில் குறுக்கே பேசுகிற கூச்சத்தோடு. வேலாயுதம் மரியாதையாக ஜன்னலைத் திறந்துவிட்டார். ஒரு மனுஷன் கண்ணெதிரே சரிந்துகொண்டிருக்கிறான், சுற்றி நின்று எல்லாரும் ஜென்டலாக இருக்கிறார்கள்.

பல்பு தொழிற்சாலையில் இதை அவள் எத்தனையோ தடவை பார்த்தவள். சீனி வியாதிக்கு ஊசி போட்டுக்கொண்டு சாப்பிடாமல் வேலைக்கு வருகிற பெண்கள் இப்படித்தான் வியர்த்து, உளறி, அடுக்கிய பெட்டியின்மேல் விழுவார்கள்.

"அக்கா," என்றாள் வசுந்தராவைப் பார்த்து. அந்த வீட்டில் அன்றைக்கு எழுந்த முதல் சத்தம். "ஐயாவுக்குச் சீனி வியாதியா? காலையில ஊசி போட்டாரா?"

"ஓம். ஏழு மணிக்குப் போட்டவர். ரெண்டு இடியப்பம் சாப்பிட்டவர். மத்தியானம் வீட்ட போய்ச் சாப்பிடலாம் எண்டு..."

தனலெட்சுமி சிரப் டம்ளரை எடுத்துக்கொண்டு அவர் எதிரில் போய் நின்றாள். "ஐயா, இதக் குடிங்க."

சிவசம்பு ஆடுகிற கையால் டம்ளரைத் தள்ளினார். "கை... நனைக்கிறதில்லை."

"கைய நனைக்க வேணாம். வாய நனைங்க."

"முடிவாகாமல்..."

"யோவ், குடிய்யா. நீ செத்தா எம்மவ கல்யாணத்துக்கு யாரு வருவா?"

எதிர் வீட்டு நாய் குரைத்தது. இடது கையால் அவர் தாடையைப் பிடித்தாள், வலது கையால் டம்ளரை உதட்டில் வைத்தாள். முதல் மடக்கு வெள்ளைச் சட்டையில் ரோஸ் கலரில் இறங்கியது. இரண்டாவது மடக்கு உள்ளே போனது. "முழுங்குங்க. இன்னும். மூக்கால மூச்சு விடுங்க. இன்னும் லா." டம்ளர் காலியாகும்வரை தாடையை விடவில்லை. அடுப்படி வாசலில் நின்ற மாதவி தலையில் கை வைத்துக்கொண்டு அப்படியே உள்ளே திரும்பிப் போனாள். எல்லாம் முடிந்துபோயிற்று என்று அவள் அழுகிற சத்தம் வெளியே கேட்டது.

பத்துப் பதினைந்து நிமிஷத்தில் வியர்வை நின்றது. சிவசம்பு சட்டையைப் பார்த்தார், டம்ளரைப் பார்த்தார், தன்னைச் சுற்றியிருந்தவர்களைப் பார்த்தார். ஆள் திரும்பி வந்துவிட்டார் என்பது அவர் முகத்தில் வந்த சங்கடத்திலேயே தெரிந்தது. அவர் போட்ட சட்டப்படி இப்போது பெண் வீட்டில் கை நனைத்தாகிவிட்டது.

வேலாயுதத்துக்கும் அது புரிந்தது. முகம் மலர்ந்தது. அதிசயமாக அவரே வாயைத் திறந்தார். "அப்ப... நாள் பாத்துரலாமா?"

"சும்மா இருங்க," என்றாள் தனலெட்சுமி. "மயக்கத்துல இருக்கிற மனுஷன் வாயில ஊத்திட்டுச் சம்மதம்னு சொல்லிக்கவா? அது மருந்து. ஐயா, நீங்க குடிச்சது கணக்குல வராது. உங்களுக்குப் பிடிக்கலன்னா எழுந்து போகலாம். யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. ஆனா போறதுக்கு முந்தி ஒண்ணு கேட்டுக்குறேன். பிறப்புக்கு அப்புறம்தான் மென்மை வந்துச்சுன்னு சொன்னீங்களே, எத்தன வருஷம் கழிச்சு வந்துச்சு?"

சிவசம்புவுக்குத் தெரிந்த விஷயத்தைக் கேட்டால் சொல்லாமல் இருக்க முடியாது. "ஒரு... முந்நூறு வருஷம் கழிச்சு எண்டு சொல்லலாம்."

"நாங்க இந்த நாட்டுக்கு வந்து நூறு நூத்தம்பது வருஷந்தான் ஆவுது. எங்களுக்கு இன்னும் டைம் இருக்கு. அப்புறம், அந்தப் பிரபுங்க மெதுவா பேசுனாங்கன்னு சொன்னீங்க. அவங்க குதிரைக்குத் தண்ணி காட்டுனவன், வயல்ல வேல வாங்குனவன், வாசல்ல வந்தவன விரட்டுனவன், அவனெல்லாம் கத்தியிருப்பானா மாட்டானா?"

அவர் யோசித்தார். "கத்தியிருப்பான்."

"அவ்வளவுதான். எங்க வீட்லயும் ஒரு பிரபு இருக்காரு. முப்பது வருஷமா அவருக்காக நான் கத்துறேன்."

வேலாயுதம் தரையைப் பார்த்தார். கிரிதரன் சிரிப்பை அடக்க இருமினான். அப்போது சின்னதாக ஒரு சத்தம் கேட்டது. மொறு மொறு என்று ஒரு சத்தம். எல்லாரும் திரும்பினார்கள்.

வசுந்தரா வடை தின்றுகொண்டிருந்தாள்.

"என்னப்பா செய்யுறீர்?" என்றார் சிவசம்பு.

"பசிக்குது," என்றாள் வசுந்தரா. வாயில் இருந்ததை விழுங்கிவிட்டு, அவசரப்படாமல் மீதியையும் சொன்னாள். "உங்களுக்கு மயக்கம் வந்தது. எனக்கு அதுகூட வரேல்லை, அதாலதான் ஒருத்தரும் பாக்கேல்லை. நாப்பத்தஞ்சு வருஷமா நீங்கள் கதைச்சு முடியட்டும் எண்டு பாத்துக்கொண்டு இருக்கிறன். எனக்கு இந்தச் சம்பந்தம் சம்மதம். கை நனைச்சிட்டன். நீங்கள் ஆறுதலா, நேரமெடுத்து யோசிச்சுச் சொல்லுங்கோ." இரண்டாவது வடையை எடுத்தாள். "தங்கச்சி, சட்னி இருக்கோ?"

தனலெட்சுமிக்கு அந்த அம்மாளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. அதற்குப் பதிலாகச் சட்னியை முழுப் பாத்திரத்தோடு கொண்டுவந்து மடியருகில் வைத்தாள். கிரிதரன் அப்பாவின் முகத்தைப் பார்த்தான். பிறகு அவனும் ஒரு வடையை எடுத்துக்கொண்டான்.

சிவசம்பு தனியாக உட்கார்ந்திருந்தார். பெண்டாட்டியும் மகனும் ஒரு பக்கம் போய்விட்டார்கள், மடியில் சிவப்புக் கோடு போட்ட பயோடேட்டா, மார்பில் ரோஸ் கலர் கறை. சாம்பார் வாசனை வேறு. சிரப் தாங்குகிற நேரம் கொஞ்சந்தான், வயிறு மறுபடி இழுக்க ஆரம்பித்திருக்கும்.

"எனக்கும் கொஞ்சம் சோறு போடுங்கோ," என்றார்.

தனலெட்சுமி இலையை விரித்தாள். தண்ணீர் தெளித்தாள். சோற்றைக் கரண்டியில் எடுத்தவள் இலைக்கு மேலே நிறுத்தினாள்.

"பசிக்கா, சம்மதத்துக்கா? சொல்லிட்டுச் சாப்பிடுங்க. அப்புறம் அந்தச் சொல்லு எங்கயிருந்து வந்துச்சுன்னு பேச்சு வேணாம்."

சிவசம்பு கரண்டியைப் பார்த்தார். "ரெண்டுக்கும்," என்றார் அவருடைய வழக்கமான குரலில்.

"எனக்குக் கேட்டுச்சு. உள்ள ஒரு பிள்ள அழுதுகிட்டிருக்கு, அதுக்குக் கேக்கல. சத்தமா சொல்லுங்க."

எழுபத்து நான்கு வயது வரை அடுத்தவர் வீட்டில் குரல் உயர்த்தியிராத மனுஷன் தொண்டையைச் செருமிக்கொண்டார். மகனைப் பார்த்தார், உதவி வரவில்லை. பெண்டாட்டியைப் பார்த்தார், அவள் சட்னியில் இருந்தாள். பிறகு அடுப்படிப் பக்கம் திரும்பி, வாசலில் போகிறவனுக்கும் கேட்கிற மாதிரி, "பிள்ளை, எனக்குச் சம்மதம்" என்று கத்தினார்.

தனலெட்சுமி சோற்றைப் போட்டாள்.